தேடுபொறி ஓடிப் போய்த் தேடுகிறதா?

தண்டையார்பேட்டையில் என்னிடம் டியூஷன் படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: "நாம தட்டுனதும் உலகம் பூரா ஓடிப் போய்த் தேடுமா மிஸ்?" அருமையான கேள்வி.

இல்லை. தேடும் வேலை முன்பே நடந்திருக்கும். கிராலர் என்ற நிரல் ஒரு பக்கத்தைப் படித்து, அதிலுள்ள இணைப்புகளைப் பிடித்து அடுத்தடுத்த பக்கங்களுக்குப் போகும். எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடுபொறி அட்டவணை போட்டு வைக்கும். 'ராயபுரம் மீன்' என்று தட்டினால், 'ராயபுரம்' இருக்கும் பட்டியலையும் 'மீன்' இருக்கும் பட்டியலையும் ஒப்பிட்டு, இரண்டிலும் உள்ள பக்கங்களை எடுத்துத் தரும்.

1990இல் வந்த ஆர்ச்சி என்ற தேடுபொறி, கோப்புகளின் பெயர்களை மட்டும்தான் தேடியது. அதை எழுதிய ஆலன் எம்டேஜ் பார்படாஸ்காரர், அப்போது கனடாவின் மாண்ட்ரியலில் மாணவர். அவர் பெயர் நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். பக்கத்தின் எல்லாச் சொற்களையும் தேட வைத்தது 1994இல் வந்த வெப்கிராலர். அப்புறம் கூகுள், எந்தப் பக்கத்துக்கு யார் யார் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து வரிசைப்படுத்தியது.

யாருமே இணைப்பு கொடுக்காத பக்கம் கிராலர் கண்ணில் படுவது கஷ்டம். வியாசர்பாடி கால்பந்து, ராயபுரம் குத்துச்சண்டை பற்றி எழுதுகிறவர்களே, தயவுசெய்து ஒருவர் பக்கத்துக்கு ஒருவர் இணைப்பு கொடுங்கள்.