ஒரு கேள்வியோடு வேலூருக்கு

வேலூருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் மருத்துவக் கோப்பு இருக்கும். வெளியே சொல்லாத கேள்வி ஒன்றும் பலருடைய மனதில் இருக்கும். ஊழியத்துக்கு அழைப்பு வந்ததுபோலத் தோன்றுகிறதே, அது மெய்தானா? சொத்துத் தகராறில் பிரிந்த அண்ணனோடு பேசத்தான் வேண்டுமா? அதை ஆண்டவர் சமுகத்தில் வைக்கவும், விசுவாசத்தில் மூத்த ஒருவரிடம் ஆலோசனை கேட்கவும் பழைய வட ஆற்காட்டில் நல்ல இடங்கள் உண்டு. அவசரமில்லாமல் வந்துபோக மூன்று நாள் வேண்டும்.

புறப்படுமுன் கேள்வியை அரைப்பக்கத்துக்குள் எழுதிவிடுங்கள். இதுவரை என்ன செய்தீர்கள், முடிவு யாரையெல்லாம் பாதிக்கும், எந்தத் தேதிக்குள் முடிவு தேவை என்பவை அதில் இருக்கட்டும். காலையும் மாலையும் 25ஆம் சங்கீதத்தின் 22 வசனங்களையும் நிதானமாக வாசியுங்கள். வழியைக் காட்டும்படி கேட்கிற அதே ஜெபம் பாவமன்னிப்பையும் கேட்கிறது. இரண்டையும் பிரிக்காமல் வருவது நல்லது.

காட்பாடி சந்திப்பில் இறங்கி, பாலாற்றுப் பாலம் தாண்டினால் ஊர். 1900இல் அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை வளாகத்திலேயே சிற்றாலயம் இருக்கிறது. உள்நோயாளியோடு தங்கியிருப்பவர்கள் வார்டு நர்ஸிடம் சொன்னால் மருத்துவமனைப் போதகரான சாப்ளினுக்குத் தகவல் போகும். எந்த மதத்தினரும் கேட்கலாம். ஆனால் ஆபரேஷன் செய்யலாமா என்று அவரிடம் கேட்காதீர்கள், அதற்கு மருத்துவர் இருக்கிறார். பயத்தையும், குடும்பத்துக்குள் ஒத்துப்போகாத மனதையும், மன்னிக்க முடியாமல் கிடப்பதையும் அவரிடம் கொண்டுபோங்கள்.

கோட்டைக்குள் 1846இல் கட்டப்பட்ட தூய யோவான் ஆலயம் இருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு வருவதே நல்லது, மற்ற நேரங்களில் பூட்டியிருக்கலாம்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பலரும் செய்யும் தவறு, ஆராதனை முடிந்து ஆயர் (சபைப் போதகர்) வாசலில் கைகுலுக்கி நிற்கும்போது பாரத்தை இறக்கப் பார்ப்பது. பின்னால் நூறு பேர் நிற்கும்போது அவரால் தலையில் கைவைத்து ஜெபிக்க மட்டுமே முடியும். வார நாள் ஒன்றில் அவர் குடியிருக்கும் குருமனைக்கு வர நேரம் கேளுங்கள். "ஐயா, ஜெபம் மட்டும் இல்லை, ஆலோசனையும் வேணும், அரை மணி நேரம் ஒதுக்குவீங்களா?" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெண் ஆயரிடமோ, ஆயரின் மனைவியான ஆயரம்மாவிடமோ பேச விரும்பினால் அதையும் தயங்காமல் கேட்கலாம்.

கத்தோலிக்கர்களுக்கு விண்ணேற்பு அன்னை பேராலயம். வேலூர் மறைமாவட்டம் 1952இல் உருவானது. இங்கே பாவசங்கீர்த்தனத்தையும் (குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவது) ஆலோசனையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பூசைக்கு முன், குரு பாவசங்கீர்த்தனம் கேட்க அமரும் தொட்டியருகே வரிசை நிற்கும்போது நீண்ட கதை சொன்னால் பின்னால் இருப்பவர்களுக்கு நேரம் இல்லாமல் போகும். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து தேவை: ஆன்ம சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் அறிக்கையிடுதல், அவர் சொல்லும் பரிகாரத்தை நிறைவேற்றுதல். கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று தொடங்குங்கள். சாவான பாவம், அதாவது கனத்த பாவம் என்றால் வகையையும் எத்தனை முறை என்பதையும் சொல்லவேண்டும். மாமியார் செய்ததைச் சொல்லத் தொடங்கினால் அறிக்கை புகாராகிவிடும். அங்கேதான் பலருடைய பாவசங்கீர்த்தனம் தடம் மாறுகிறது. கேட்டதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட முடியாது, திருச்சபைச் சட்டம் அதில் விதிவிலக்கே வைக்கவில்லை. முடிந்தபின், "ஃபாதர், தனியா பேச ஒரு நேரம் கொடுங்க" என்று கேளுங்கள். மற்ற சபையினரும் பிற மதத்தினரும் அவரிடம் தாராளமாகப் பேசலாம், ஆசீர் பெறலாம். நற்கருணை வரிசையில் மட்டும் நிற்க வேண்டாம்.

மூன்றாம் நாளைத் திருப்பத்தூருக்கு வையுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் பேருந்து உண்டு. ரயில் என்றால் திருப்பத்தூரில் எல்லா வண்டியும் நிற்காது, ஜோலார்பேட்டையில் இறங்கி மாறலாம். அங்கே இருக்கும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை 1921இல் தொடங்கியவர்கள் டாக்டர் சவரிராயன் யேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும். பெரியண்ணன், சின்னண்ணன் என்றே மக்கள் அழைத்தார்கள். இருவரும் மணம் செய்யாமல், கதர் உடுத்தி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து வாழ்ந்தார்கள். ஜெபாலயம் கோபுரமும் தூண் மண்டபமுமாகத் திராவிடக் கட்டடக்கலையில் எழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, போனை அணைத்து, தரையில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். முதல் இருபது நிமிடம் மனம் அலையும், அதற்காக எழுந்துவிடாதீர்கள். தங்க நினைத்தால் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஒரே கேள்வியை மூன்று பேரிடம் கேட்டு, பிடித்த பதிலை எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். ஒருவரிடமே போங்கள், அவர் சொன்னது கசந்தாலும் ஒரு மாதம் அதோடு ஜெபியுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்பவர், இன்னாரைத்தான் மணக்கவேண்டும் என்று தீர்க்கதரிசனம் சொல்பவர், காணிக்கைத் தொகையை அவரே நிர்ணயிப்பவர், வீட்டாரிடம் சொல்லாதே என்பவர் ஆகிய நால்வரையும் விட்டு உடனே விலகுங்கள்.

ஊர் திரும்பியதும் சொந்தச் சபையின் ஆயரையோ பங்குத்தந்தையையோ பார்த்து, கேள்வியையும் கிடைத்த ஆலோசனையையும் சொல்லுங்கள். அவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் வரும் என்பதால் சபையில் மூத்த விசுவாசி ஒருவருக்கும் தெரிந்திருப்பது நல்லது. மாத முடிவில் வேலூரில் ஆலோசனை சொன்னவருக்கு என்ன முடிவெடுத்தீர்கள் என்று நாலு வரி எழுதிவிடுங்கள், அவரும் அதுவரை உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருப்பார்.