இபிஎஃப் காசை இறால் குளத்தில் போடலாமா?

பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இபிஎஃப் என்னும் ஊழியர் சேமநிதிப் பணத்தை வைத்திருப்பவர்கள் பலர் என்னிடம் இதையே கேட்கிறார்கள். "தம்பி, நூறு நாள்ல காசு வருதாமே, பங்கு போடலாமா?" குளத்தைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை, அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

அரை ஹெக்டர் குளத்தில் சதுர மீட்டருக்கு 60 குஞ்சு விட்டால் 3 லட்சம் குஞ்சு. நூற்றுக்கு 80 பிழைத்து, கிலோவுக்கு 60 இறால் நிற்கும் அளவுக்கு வளர்ந்தால் 4 டன் கிடைக்கும். ஒரு கிலோ இறாலுக்கு ஒன்றரைக் கிலோ என்று 6 டன் தீனி போகும். செலவில் பெரும்பங்கு அதுதான். அறுவடை நெருங்கும்போது தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்றும் காற்றாடி 10 குதிரைசக்திக்கு ஓட வேண்டும். நாள் முழுக்க ஓட்டினால் 180 யூனிட் மின்சாரம். விடியற்காலைதான் பயம். இரவெல்லாம் பாசியும் ஆக்சிஜனை இழுத்திருக்கும். அந்த நேரம் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கிளம்பாவிட்டால் குளமே போச்சு.

இது நல்ல காலத்துக் கணக்கு. இறாலைச் சின்னதிலேயே கொல்லும் ஈஎம்எஸ் நோய் 2010 கடைசியில் தீபகற்ப மலேசியாவில் தலைகாட்டியது. விப்ரியோ பாக்டீரியாதான் காரணம் என்று அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னர் குழு கண்டுபிடித்தது 2013-ல். குஞ்சு விட்ட முதல் மாதத்திலேயே அடிக்கும். தீனித் தட்டைத் தூக்கினால் தெரிந்துவிடும். நல்ல இறாலுக்கு முதுகில் குடல் கறுப்புக் கோடாக நிறைந்திருக்கும். நோய் கண்டதற்கு அந்தக் கோடு விட்டுவிட்டுத் தெரியும், தலைக்குள் ஈரல் வெளுத்துச் சுருங்கியிருக்கும், ஓடு தொளதொளவென்று இருக்கும். அப்படி ஒரு தட்டைத் தூக்கினாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

நட்டத்தை எடுக்க அடுத்த முறை சதுர மீட்டருக்கு 100, 120 குஞ்சு என்று நெருக்கி விடுகிறார்கள். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது இதுதான். நெருக்கினால் அடியில் கறுப்புச் சேறு சேரும், அதில் விப்ரியோ பெருகும். பயந்து மருந்து கொட்டுவார்கள். தீபகற்ப மலேசிய இறாலில் தடை செய்த நைட்ரோஃபியூரானும் குளோராம்பெனிக்காலும் இருக்கின்றன என்று அமெரிக்கா 2016-ல் துறைமுகத்திலேயே நிறுத்தத் தொடங்கியது. ஒழுங்காக வளர்த்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அடி. 2022-ல் மட்டும் 10 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்த ஈக்குவடோரோடு விலையில் மோதவும் நம்மால் முடியாது.

பாக்காவ் என்னும் கடலோரச் சதுப்புநிலக் காட்டை வெட்டிப் புதுக் குளம் தோண்டலாம் என்பாரும் உண்டு. அந்த மண் காற்றுப்பட்டால் புளிப்பேறும். செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் துரு நிறத்தில் தண்ணீர் நிற்பதை நாம் பார்த்ததில்லையா? அதே மண்தான். எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் குடித்துக்கொண்டே இருக்கும். காடு போனால் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கிற இடமும் போயிற்று.

பக்கத்து லயத்து மாமாவிடம் சொன்னேன்: குளத்தைக் காட்டும்போது கரையில் நின்று திரும்பி வராதீங்க, பின்னால போய்ப் பாருங்க. கழிவுத் தண்ணீர் தெளிய இறால் விடாத குளம் ஒன்று இருக்க வேண்டும். தவுக்கேக்கள், அதாவது பண்ணை முதலாளிகள், பலர் அதைச் சும்மா கிடக்கும் நிலம் என்பார்கள். அது இல்லாவிட்டால் சேறு நேரே ஆற்றுக்குப் போய், அடுத்த பண்ணைக்காரன் அதையே பம்பு போட்டு இழுப்பான். நோய் சுற்றிச் சுற்றி வரும். அந்தக் குளம் இல்லாத பண்ணைக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீங்க மாமா, காசு இபிஎஃப்பிலேயே இருக்கட்டும் என்றேன்.