உப்பில்லாத கொழுக்கட்டை

நம் பள்ளி ஆண்டு மலர்க் குழுவிலிருந்து வந்த கடிதத்தில் இந்த ஆண்டுக்கான பொருள் ‘பள்ளி தந்த நீதி’ என்று இருந்தது. படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு கொழுக்கட்டை. 1981-இல், எட்டாம் வகுப்புப் படிக்கையில் நான் திருடித் தின்றது.

அதற்கு முன் நம் தமிழ் ஐயாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரும்பலகையின் வலது மூலையில் சாணுக்குச் சாண் ஒரு கட்டம் போட்டு, தினமும் அதற்குள் ஒரு வரி எழுதுவார். ஆத்திசூடி முடிந்தால் கொன்றைவேந்தன், அதுவும் முடிந்தால் குறள். யாரும் அழிக்கக் கூடாது. கணக்கு சார்கூட அந்தக் கட்டத்துக்கு ஒதுங்கித்தான் கணக்குப் போடுவார். நீள வகுத்தல் இடம் போதாமல் வளைந்து இறங்கும். ‘ஆறுவது சினம்’ என்று எழுதியிருந்த நாளில்தான் கடைசி பெஞ்சில் இரண்டு பேர் சட்டைப் பொத்தான் தெறிக்கிற அளவுக்கு அடித்துக்கொண்டார்கள். தேர்வில் ‘இக்குறள் உணர்த்தும் நீதி யாது?’ என்று ஒரு கேள்வி வரும். கோனார் உரையில் விடை ஆயத்தமாக இருக்கும். நீதி என்றால் ஐந்து மதிப்பெண் என்பதற்கு மேல் நாங்கள் எதுவும் நினைத்ததில்லை.

ஐயாவுக்கே இதில் சலிப்பு வந்திருக்க வேண்டும். ஒரு நாள் கட்டத்துக்குள் ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’ என்று எழுதினார். புறநானூறு, பாடியது ஔவை என்றார். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் தான் குடிக்காமல் எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்று, இறந்துபோன அதியமானை நினைத்து ஔவை அழுகிறாள். வகுப்பு வாயடைத்துப் போயிற்று. நரைத்த தலையும் கைத்தடியுமாக நாங்கள் படத்தில் பார்த்த பாட்டியா கள் குடித்தாள்? “அவள் வேறு, ஆத்திசூடிக்காரி வேறு. இரண்டு பேருக்கும் நடுவில் பல நூறு ஆண்டு கிடக்கிறது” என்று சிரித்தார் ஐயா.

எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒரு ஔவை இருந்தாள்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குமரி மாவட்டத்தின் மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஔவையார் அம்மன் தெய்வம். தாழக்குடிப் பக்கம் கோயில் உண்டு. ஆடிச் செவ்வாயில் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கொழுக்கட்டை அவித்துப் படைப்பார்கள். வீட்டில் எடுக்கும் நோன்பு இன்னும் கடுமை. ‘மறந்தால் மாசி, தட்டினால் தை, அசந்தால் ஆடி’ என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆண்கள் தூங்கிய பிறகு தெருப்பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். பச்சரிசி மாவில் உப்புச் சேர்க்காமல் கொழுக்கட்டை பிடிப்பார்கள். அதை ஆண் பார்க்கக் கூடாது, தின்னக் கூடாது. தொட்டில் பிள்ளை ஆணாக இருந்தால் அதையும் வெளியே கொடுத்துவிடுவார்கள். பார்த்தால் கண் போய்விடும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள்.

அந்த ஆடியில் நோன்பு எங்கள் வீட்டின் முறை. அப்பாவையும் என்னையும் எதிர்வீட்டுத் திண்ணைக்கு விரட்டிவிட்டார்கள். அப்பா குறட்டை விட ஆரம்பித்ததும் நான் தொழுவத்துப் பக்கமாகச் சுற்றிப் போய் அடுக்களை ஜன்னலடியில் நின்றேன். குத்துவிளக்கு வெளிச்சம். ஆவி பறக்கிற வாழையிலை ஜன்னல் திண்டிலேயே இருந்தது. ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டேன். போனால் ஒன்றுதான் போகட்டும் என்று. கம்பிக்குள் கையை விட்டு ஒன்றை எடுக்கும்போது அம்மா திரும்பினாள். என் கையை நேராகப் பார்த்தாள். பிறகு விளக்குத் திரியைத் தூண்டுவதற்குக் குனிந்துகொண்டாள்.

வைக்கோல் படப்புக்குப் பின்னால் நின்று தின்றேன். உப்பும் இல்லை, வெல்லமும் இல்லை. தேங்காய்த் துண்டு மட்டும் அங்கங்கே பல்லில் பட்டது. அதைத் தின்பதற்கா கண்ணைப் பணயம் வைத்தோம் என்று இருந்தது. உள்ளே ஆச்சியின் குரல்: “ஒன்று குறைகிறதே.” அம்மாவின் குரல்: “நான்தான் வெந்திருக்கிறதா என்று பார்க்க வாயில் போட்டுவிட்டேன், அத்தை.” படைக்கும் முன் எச்சில் பண்ணினாள் என்று ஆச்சி தெருப்பெண்கள் முன்னால் அம்மாவை வாங்கிய வாங்கு இன்றும் காதில் இருக்கிறது. அடுத்த செவ்வாய் முழுநாளும் பட்டினி கிடந்து நோன்பை மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்த மாதமே கட்டத்துக்குள் 292-ஆவது குறள் வந்தது. ‘பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.’ நான் எழுந்து, யார் வீட்டிலோ நடந்தது போலக் கேட்டேன். ஐயா என் முகத்தைப் பார்த்ததிலேயே யார் வீடு என்பது தெரிந்துவிட்டது. ‘புரைதீர்ந்த’ என்ற சொல்லின் அடியில் கோடு போட்டார்.

“முதல் மூன்று சீரைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஓடிவிடுவார்கள். பூட்டு நாலாவது சீரில் இருக்கிறது. புரை என்றால் குற்றம். அந்தப் பொய்யால் யாருக்கு நன்மை?”

“பையனுக்கு, ஐயா.”

“யாருக்குக் கேடு?”

செவ்வாய்க்கிழமை அம்மா வெறும் வயிற்றோடு நெல் அவித்துக்கொண்டிருந்தது கண்முன் வந்தது. “அம்மாவுக்கு.”

“அப்படியானால் இந்தக் குறள் அந்த அம்மாவுக்கு வேண்டுமானால் ஆகும். பையனுக்கு ஆகாது. உட்கார்.”

ஆச்சியிடம் போய் உண்மையைச் சொல் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆச்சியைக் கொடுமைக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கும்பப்பூ என்கிற மாசி அறுவடையில் அவளைப் பார்த்திருக்க வேண்டும். பாட்டநெல், அதாவது குத்தகை நெல், வாங்க ஒரு பெரிய மரக்கால், கூலி கொடுக்க ஒரு சின்ன மரக்கால் என்று வைத்திருந்த வீடுகள் உண்டு. எங்கள் வீட்டில் மரக்கால் ஒன்றுதான். வாங்கும்போது தலையைத் தட்டி அளப்பாள். கொடுக்கும்போது தட்டாமல் கூம்பாக விடுவாள். ‘கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது’ என்ற பட்டினப்பாலை வரியை ஐயா பின்னாளில் நடத்தியபோது எனக்குப் பூம்புகார் வணிகர்கள் தெரியவில்லை, களத்தில் முழங்கால் மடக்கி உட்கார்ந்த ஆச்சிதான் தெரிந்தாள். அவளுக்குக் கையெழுத்துப் போட வராது.

ஐயாவின் வகுப்புகளில் ஒன்றே ஒன்றைத் திரும்பக் கேட்கலாம் என்றால் மருமக்கள்வழி மான்மிய வகுப்பைக் கேட்பேன். சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள்வழி வழக்கத்தைக் கேலி செய்யும் கவிதை நூல் அது. பாடத்தில் இல்லாதது. அதை எழுதிய தேரூர்க் கவிமணி நமக்கு ஏழெட்டு மைல் தூரத்துக்காரர் என்ற உரிமையில் நடத்தினார். குடும்பத் தலைவரான காரணவர் ஒருவரின் ஐந்தாவது மனைவி தன் கதையைச் சொல்லிப் புலம்புவதை ஐயா பெண்குரலில் படிக்க, நாங்கள் பெஞ்சில் தட்டிச் சிரித்தோம். முடித்துவிட்டு, “இதில் நீதி எங்கே இருக்கிறது, காட்டு” என்றார். கடைசி வரிகளைப் புரட்டினோம், பழக்கம் அப்படி. “அப்படியானால் ஐந்து மதிப்பெண்ணுக்கு என்ன எழுதுவது ஐயா?” என்று ஒருவன் நிஜமாகவே கவலைப்பட்டான். 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மருமக்கள்வழிச் சொத்துரிமையை மாற்றியது, அதற்கு முன்பே ஊர் இதைப் படித்துச் சிரித்துவிட்டது என்றார் ஐயா. கட்டத்துக்குள் அன்று எதுவும் எழுதவில்லை.

2001-இல் விடுமுறைக்கு வந்தபோது அம்மாவைக் குமரிக்கு அழைத்துப்போய்ப் படகில் ஏற்றினேன். வள்ளுவர் சிலை திறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு 38 அடிப் பீடம், பொருளுக்கும் இன்பத்துக்கும் சேர்த்து 95 அடிச் சிலை, ஆக 133 என்று நான் பெருமையாக விளக்கினேன். “அறத்தைக் காலுக்கடியில் போட்டுவிட்டார்களே” என்றாள் அம்மா. படியில் அவள் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது இருபது வருஷமாக வைத்திருந்ததைக் கேட்டேன். அன்று என் கையைப் பார்த்தாயா, ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? கடற்காற்றில் சேலைத்தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் கேட்டது இவ்வளவுதான்:

“உப்பில்லாததை எப்படி மக்கா தின்றாய்?”

போன ஆடியில் என் மனைவி துபாய்க் குடியிருப்பில் நோன்பு எடுத்தாள். நாகர்கோவில்காரப் பெண்கள் நான்கு பேர் வந்தார்கள். நானும் பத்து வயது மகனும் கீழே கார் நிறுத்துமிடத்தில் புழுக்கத்தில் நின்றோம். நேரம் போகாமல் அவன் கேட்டான்: “அப்பா, அந்தக் கொழுக்கட்டை எப்படி இருக்கும்?”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.