லிட்டில் ஜமைக்காவில் ஒரு மதிய உணவு

டொரொண்டோவின் எக்ளின்டன் மேற்குச் சாலையில், லிட்டில் ஜமைக்கா என்றழைக்கப்படும் பகுதியிலுள்ள சிறிய உணவகம் ஒன்றில் ஜமைக்கா உணவை முதன்முறையாகச் சாப்பிட்டேன். மசாலாவில் ஊறவைத்து நெருப்பில் சுட்ட ஜெர்க் கோழியின் கருகிய தோலுக்கடியில் ஆல்ஸ்பைஸ் என்ற நறுமணப் பொருளும் தைம் என்ற வாசனை இலையும் இறைச்சிக்குள்ளேயே ஊறியிருந்தன. அதில் சேரும் ஸ்காட்ச் பானெட் மிளகாயின் பழவாசனை முதலில் மூக்கை எட்ட, காரம் சற்றுப் பின்னரே நாக்கில் ஏறுகிறது. தேங்காய்ப்பாலில் ராஜ்மாவுடன் வெந்த சோறு அதற்குப் பொருத்தமான துணை.

ஆயினும் என் மனத்தைக் கவர்ந்தது ஆட்டுக்கறிதான். அடிமைமுறை ஒழிந்தபின், 1845ஆம் ஆண்டு முதல் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து ஜமைக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் கைப்பக்குவமே அத்தீவில் மசாலாக் கறியாக வேரூன்றி, இன்று அங்குள்ள திருமண விருந்துகளில் தவறாது இடம்பெறுகிறது. எலும்போடு வெட்டிய துண்டுகள் விரல் பட்டதும் கழன்றுவரும்படி வெந்திருந்தன. மஞ்சள் தூக்கலான குழம்பில் கறிவேப்பிலை இல்லை, ஆனால் தைம் மணத்தது. அவ்வளவு துயரத்துக்கிடையிலும் தம் சுவையைக் கைவிடாத அந்த மக்களை எண்ணி நெகிழ்ந்தேன்.

ஜமைக்காவின் தேசிய உணவான அக்கி என்ற பழமும் உப்பிட்ட மீனும் அன்று தீர்ந்துவிட்டன. அது பெரும்பாலும் காலையுணவு என்பதால், அடுத்த முறை காலையிலேயே செல்லவிருக்கிறேன்.