ஆமையின் முதுகில் ஓர் இடம்

ஜூன் 3

கதை எழுதி முடித்துவிட்டேன். இனி படங்கள்தான். குளத்து ஆமைக்கும் தட்டானுக்கும் நட்பு. ஆமை வெயில் காயக் கல்லின்மேல் ஏறும்போதெல்லாம் தட்டான் வந்து அதன் முதுகில் உட்காரும். ஆமை கழுத்தைத் திருப்பினால் போதும், பறந்துவிடும். அதனால் நண்பனுக்காக அசையாமல் இருக்க ஆமை கற்றுக்கொள்கிறது.

சிறகு முளைத்த தட்டானுக்குச் சில வாரங்கள்தான் வாழ்வு. ஆமை பல பத்தாண்டுகள் இருக்கும். இந்தக் கணக்கைக் கதையில் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் எழுதும்போதெல்லாம் என் மனத்தில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 5

ஒரு பெரிய தாளை மூன்று முறை மடித்தால் 16 பக்கம். அப்படி இரண்டு சேர்ந்தால் 32. படக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த அளவில் வருவதற்கு அச்சகத்தின் இந்த மடிப்புதான் காரணம். தலைப்புப் பக்கமும் பதிப்பு விவரமும் போக, எனக்கு மிஞ்சுவது 14 விரிபக்கங்கள், அதாவது புத்தகத்தை விரித்தால் சேர்ந்து தெரியும் இரட்டைப் பக்கங்கள். ஒரு நட்பு தொடங்கி, நெருங்கி, பிரிவதற்கு அவ்வளவுதான் இடம்.

வெற்றுத் தாள்களை மடித்து, நடுவில் நூல் கோத்து, மாதிரிப் புத்தகம் ஒன்று தைத்தேன். பென்சிலால் சின்னச் சின்னக் கோட்டுருவங்கள். தட்டான் வராத நாளை முதலில் ஒரு வலப்பக்கத்தில் வைத்திருந்தேன். அது தவறு. இடப்பக்கத்தைப் படிக்கும்போதே குழந்தையின் கண் அங்கே ஓடிவிடும். தாளைப் புரட்டிய பிறகுதான் அந்தக் கல் தெரிய வேண்டும். புரட்டும் அந்த ஒரு நொடியைக் குழந்தையின் கையிலேயே விட்டுவிட வேண்டும்.

ஜூன் 11

அக்காவின் மகள் மேசையருகே வந்து நின்றாள். ஆறு வயது. படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சித்தி, தட்டான் சிறகை மடக்காது" என்றாள்.

அவள் சொன்னது சரி. முதுகின்மேல் சிறகைச் சேர்த்து வைத்துக்கொள்வது ஊசித்தட்டான். தட்டான் உட்கார்ந்திருக்கும்போதும் நான்கு சிறகுகளையும் விரித்தே வைத்திருக்கும். மூன்று படங்களை மறுபடி வரைய வேண்டும். வருத்தமில்லை. விரிந்த சிறகோடு பார்த்தால், எந்த நேரமும் கிளம்பிவிடும் போலவே இருக்கிறது.

ஜூன் 12

தாளை ஓரங்களில் ஒட்டாமல் ஈரம் வைத்துவிட்டேன். குளம் முழுவதும் நெளிந்துவிட்டது. ஒரு நாள் வீண்.

ஜூன் 19

பதிப்பகத்திலிருந்து அழைத்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு குட்டித் தட்டான் வந்து ஆமையின் முதுகில் உட்காரட்டும், இல்லாவிட்டால் குழந்தைகள் அழுவார்கள் என்றார்கள். அன்போடு சொன்னதுதான். இரவெல்லாம் உட்கார்ந்து அந்தப் படத்தை வரைந்தும் பார்த்தேன். அழகாகவே வந்தது. காலையில் கிழித்துவிட்டேன்.

ஜூன் 20

ஏன் கிழித்தேன் என்று எழுதி வைக்கிறேன். நாளை அவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பாதி ஆண்டில் வேறு ஊருக்குப் போய்விட்டாள். மறுவாரமே அந்த இடத்தில் இன்னொரு பெண்ணை உட்கார வைத்தார்கள். "பார், புதுத் தோழி கிடைத்துவிட்டாள்" என்று பெரியவர்கள் மகிழ்ந்தார்கள். அவள் நல்ல பெண், தன் ரப்பரைக்கூட எனக்கே கொடுத்தாள். எனக்கோ அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. போனவளுக்காக அழ எனக்கு ஒரு நாள்கூடக் கொடுக்காமல் அந்த இடத்தை நிரப்பிவிட்டார்கள். என் ஆமைக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். குழந்தை அழுதால் அழட்டும், மடியில் வைத்துப் படித்துக்காட்டும் ஒருவர் பக்கத்தில் இருப்பார்.

ஜூன் 24

கடைசி விரிபக்கம் முடிந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தாளின் நிறம்தான். வண்ணம் படாமல் காத்தால்தான் அது மிஞ்சும். கல்லின்மேல் விழும் வெயிலையும் ஆமையின் முதுகில் கைவிரல் அகல இடத்தையும் அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் சேரும் நடுமடிப்பு விழுங்கிவிடாதபடி ஆமையைச் சற்று இடப்புறம் தள்ளி வைத்திருக்கிறேன்.

மாலையில் அக்காவின் மகளை மடியில் வைத்துக்கொண்டு மாதிரிப் புத்தகத்தைப் படித்தேன். அந்த இடம் வந்ததும் தாளின் ஓரத்தைப் பிடித்தபடி கொஞ்சம் தயங்கினாள். பிறகு அவளே புரட்டினாள். அழவில்லை.

கடைசிப் படத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"ஆமை ஏன் அசையவே இல்லை, சித்தி?"

நான் வாய் திறப்பதற்குள் உதட்டில் விரலை வைத்து என்னைச் சும்மா இருக்கச் சொன்னாள். புத்தகத்தை ஆடாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.