ராஜமலைக்கு இரண்டு தடவை

மூணாறில் அறை போட்டு, வண்டிக்கு டீசல் அடித்து, இட்லிப் பொட்டலமும் கட்டிக்கொண்டு கரூரிலிருந்து கிளம்பிப் போனது ஒரு பிப்ரவரி மாதம். அப்பா, இவர், நான், ஒன்பது வயது மகள். மறுநாள் காலை ஐந்தாம் மைலுக்குப் போனால், ராஜமலை இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவின் கேட் பூட்டிக் கிடந்தது. காவலுக்கு நின்றவர் தமிழிலேயே சொன்னார்: "வரையாடு குட்டி போடுற சீசன் அக்கா. இனி ஏப்ரல்லதான்."

"குட்டி போட்டா நாம ஏன் பாக்கக் கூடாது?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் ஊருக்குத் திரும்பினேன். அதற்குப் பதில் தேடத் தொடங்கியதில்தான் அந்த மலையைப் பற்றி உருப்படியாகப் படித்தேன். முதல் தடவை கிளம்பும்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டல் வாடகை மட்டும்தான்.

வரையாடுகள் மழைக்காலத்தில் இணை சேர்கின்றன. சுமார் ஆறு மாதம் கழித்து, ஜனவரி, பிப்ரவரியில் ஈனுகின்றன. பெரும்பாலும் ஒரு குட்டிதான். அந்தச் சமயத்தில் ஆட்கள் கூட்டமாக வந்து நின்றால் தாய் மிரண்டு ஓடும், குட்டி தனியே நின்றுவிடும். சிறுத்தையும் செந்நாயும் உள்ள காட்டில் தனியே நிற்கும் குட்டிக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஆண்டுதோறும் முதல் குட்டிகள் கண்ணில் பட்டதும் பூங்காவை மூடிவிடுகிறார்கள். வழக்கமாக பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் கடைசி வரை. தேதி சில ஆண்டுகளில் முன்னே பின்னே நகரும். மகளுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப சரி, நாம பெறகு போலாம்" என்றாள்.

அந்த வருடம் அக்டோபரில் மறுபடி போனோம். இந்தத் தடவை ஆட்டின் காலண்டரைப் பார்த்துவிட்டு எங்கள் லீவைப் போட்டோம். சனி, ஞாயிறைத் தவிர்த்தோம். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்தோம். காலையில் கிளம்பும் முதல் பஸ்களில் ஒன்றைப் பிடிப்பது என்று முடிவு செய்தோம், ஏனென்றால் ஐப்பசியில் அங்கே மதியத்துக்கு மேல் மழை இறங்கிவிடும்.

தாராபுரம், உடுமலை, அமராவதி அணை, ஒன்பதாறு செக்போஸ்ட், அதைத் தாண்டினால் சின்னாறு. கரூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு மூணாறு போக இதைவிட நல்ல வழி இல்லை என்பேன். இரவில் அந்தக் காட்டுச் சாலையில் விடமாட்டார்கள், பகலிலேயே கடந்துவிட வேண்டும். சின்னாறு மழை மறைவுப் பகுதி. முள்ளும் கள்ளியும் பாறையுமாக நம் ஊர்க் கரடு போலவே இருக்கும். சாம்பல் நிற மலை அணிலும் நட்சத்திர ஆமையும் உள்ள சரணாலயம் அது. அங்கிருந்து மறையூர்ச் சந்தனக் காட்டைத் தாண்டி ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஜன்னலை மூடி ஸ்வெட்டரைத் தேட வேண்டியதாகிவிடும்.

ஐந்தாம் மைலில் பைகளைச் சோதித்து, பிளாஸ்டிக்கை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சொந்த வண்டி உள்ளே போகாது. வனத்துறை பஸ்தான். பஸ் முதலில் தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே ஏறுகிறது. ஒரு வளைவில் தேயிலை நின்றுபோய்ப் புல் தொடங்குகிறது. வேலி போட்டுப் பிரித்ததுபோல அவ்வளவு துல்லியமான எல்லை. ஒருகாலத்தில் இந்தப் புல் முழுவதும் தேயிலைக் கம்பெனியிடம்தான் இருந்தது. தோட்டத்துத் துரைமார் இதைத் தங்கள் வேட்டைக்காடாக வைத்திருந்தார்கள். யார் சுடலாம், எதைச் சுடலாம் என்று விதி வகுக்க ஒரு சங்கமும் வைத்திருந்தார்கள். காட்டைக் காவல் காத்தவர்கள் அந்த மலையின் பழங்குடியினரான முதுவர்கள். 1971-ல் கேரள அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது, 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. 97 சதுர கிலோமீட்டர். நமக்குத் திறந்திருப்பது ராஜமலை என்ற ஓரம் மட்டும். தேசியப் பூங்கா என்று அறிவித்துவிட்டால் உள்ளே கால்நடை மேய்க்கக்கூட முடியாது. சரணாலயம் என்றால் சட்டத்தில் சில உரிமைகள் தொடர இடம் உண்டு. இந்த வித்தியாசம் எனக்கு இந்தப் பயணத்துக்குப் படித்தபோதுதான் தெரிந்தது.

பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து ஒரு தார் ரோடு மேலே போகிறது. நடந்துதான் போக வேண்டும். நாங்கள் இறங்கியபோது முழுக்க மஞ்சு. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கூட வந்தவர்களில் பலர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். நாங்கள் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டோம். காத்திருந்தால் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் சத்தம்தான் வந்தது. புல்லை வெடுக் வெடுக்கென்று இழுத்துப் பறிக்கும் சத்தம். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். மஞ்சு கொஞ்சம் நகர்ந்ததும், ரோட்டு ஓரச் சுவருக்கு மேல் ஒரு பெண் ஆடு நின்றிருந்தது. எட்டடி தூரம் இருக்கலாம். தாடி இல்லை. மூக்கின் மேல் ரோமத்தில் பனித்துளி முத்து முத்தாக நின்றது. கொம்பு நெற்றியிலிருந்து எழும்பிப் பின்னால் வளைந்திருந்தது, அதன் மேல் மோதிரம் மோதிரமாக வரிகள். பாறையில் கால் வைக்கும்போது குளம்பு இரண்டாக விரிந்து பிடித்ததைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. ஓரம் கட்டியாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்கும் குளம்பு அது. செங்குத்தான பாறையில் அது நடப்பதன் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. பின்னாலேயே ஒரு குட்டி. பிப்ரவரியில் நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்றபோது பிறந்த குட்டிகளில் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் எட்டு மாதம்.

வாழ்நாள் முழுக்க ஆடு வளர்த்தவர் அப்பா. வெகு நேரம் பார்த்துவிட்டு, "இது வெள்ளாட்டுச் சாதி இல்ல கண்ணு" என்றார். அவர் சொன்னது சரிதான். மரபணு ஆய்விலும் இது வெள்ளாட்டைவிடச் செம்மறிக்குத்தான் நெருக்கம் என்று தெரிய வந்திருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இனம். சங்கப் பாடல்களில் வருடை என்று வருவது இதுதான். நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுவே. 2025-ல் இரண்டு மாநிலங்களும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365 வரையாடுகள் இருந்தன. ஒரே இடத்தில் மிக அதிகமாக இருப்பது இந்த இரவிகுளத்தில்தான். இவ்வளவு பெரிய மலைத்தொடருக்கு மொத்தமே மூவாயிரம் தேறவில்லை என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. அதற்குத் தேவை திறந்த புல்வெளி. சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நட்ட மலைகளில் அந்தப் புல் போய்விட்டது.

ஒரு இளைஞர் பிஸ்கெட்டை எடுத்து நீட்டினார். காவலர் வருவதற்குள் என் மகளே போய், "அண்ணா, குடுக்காதீங்க, அதுக்குப் புல்லு இருக்கு" என்றாள். அவர் உடனே உள்ளே வைத்துக்கொண்டார்.

பத்தரை மணிக்கு மேல் வானம் திறந்தது. எதிரே ஆனைமுடி. 2,695 மீட்டர், தென்னிந்தியாவில் இதைவிட உயரம் இல்லை. மேலே ஏற அனுமதி கிடையாது, கிடையாதது நல்லது. மடிப்பு மடிப்பாகப் புல், மடிப்புக்குள் இருட்டாகச் சோலை. தூரத்துச் சரிவில் தனியே ஒரு கிடா நின்றது. உடம்பு கருத்து, முதுகில் சேணம் போட்டது போல வெள்ளி நிறம். பைனாகுலர் கொண்டுபோனதற்கு அந்த ஒரு காட்சி போதும்.

குறிஞ்சிச் செடிகளை மகளுக்குக் காட்டினேன். பூ இல்லாத குறிஞ்சி வெறும் புதர்தான். 2018-ல் பூத்தபோது அந்த ஆகஸ்ட் மாத வெள்ளத்தில் மூணாறே துண்டிக்கப்பட்டது, எங்களால் போக முடியவில்லை. அடுத்தது 2030. பூத்ததும் காய்த்து விதை விட்டு அந்தச் செடி செத்துப்போகும், விதையிலிருந்து வருவது இன்னும் 12 வருடம் காத்திருக்கும். மலைவாசிகள் குறிஞ்சி பூத்ததை வைத்து வயதைக் கணக்கிட்டார்கள் என்பார்கள். அப்பாவுக்கு 66. "அப்ப தாத்தாவுக்கு அஞ்சரைக் குறிஞ்சி" என்று மகள் விரலை மடக்கிச் சொன்னாள்.

திரும்பும்போது மறையூர் ரோட்டில் லக்கம் அருவியில் நிறுத்தினோம். ராஜமலையின் முன்பக்கம் விழும் மழை மேற்கே பெரியாற்றுக்குப் போகிறது. பூங்காவின் இந்தப் பக்கத்தில் விழுவது பாம்பாறாகி, சின்னாற்றோடு சேர்ந்து அமராவதி அணைக்கு வருகிறது. பிறகு தாராபுரம், கரூர், காவிரி. மழை பெய்யும்போது சோலையும் புல்லும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. நான் இதைச் சொல்லச் சொல்ல அப்பா பேசவே இல்லை. நாற்பது வருடம் அமராவதி வாய்க்காலுக்கு முறை வைத்துக் காத்துக்கிடந்த மனிதர்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாறையைப் பிடித்துப் பிடித்துத் தண்ணீர் ஓரத்துக்குப் போனார். இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டு, "என்ன குளிருடா சாமி" என்றார். அப்புறம் இன்னொரு கை அள்ளிக் குடித்தார்.