ஊட்டியில் சல்லிவன் குடும்பத்தைத் தேடி

ஊட்டிக்குப் போனால் ஏரி, பூங்கா, தொட்டபெட்டா என்று பார்த்துவிட்டு மலை இறங்கிவிடுவதுதான் வழக்கம். இந்த முறை நான் நேராக செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்குப் போனேன். ஊட்டியை உருவாக்கிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் குடும்பத்தார் அங்கே இருக்கிறார்கள்.

1829-ல் அடிக்கல் நாட்டிய கோயில் அது. உள்ளே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் பெரிய உத்திரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. பின்பக்கச் சரிவில் கல்லறைகள். சல்லிவனின் மனைவி ஹென்ரியெட்டாவும் மகள் ஹாரியட்டும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். பழைய கற்களில் பாசி ஏறி எழுத்து மங்கிவிட்டது. மொபைல் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், வெட்டிய பள்ளங்களில் நிழல் விழுந்து ஒவ்வோர் எழுத்தாகத் தெரிகிறது. தேய்த்துச் சுத்தம் செய்ய மட்டும் போகாதீர்கள், கல் உதிரும்.

சல்லிவன் இங்கே இல்லை. 1855-ல் இங்கிலாந்தில் இறந்தார். ஊரெல்லாம் அவர் பேச்சு. ஊரிலேயே தங்கிவிட்ட அந்தத் தாயையும் மகளையும் தேடி வருபவர்கள் குறைவு. அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

கல்லில் எழுத்து அழிந்தாலும் இந்தக் குடும்பங்களைத் தேட வழி இருக்கிறது. சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905-ல் ஒரு பெரிய பட்டியலும் அச்சானது.

அப்புறம் ஸ்டோன் ஹவுஸ் பக்கம் போனேன். ஊட்டியில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு. 1822-ல் வேலை தொடங்கியது. அதற்கான நிலத்தை ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் தோடர்களிடம் வாங்கினார் சல்லிவன். மலை தோடர்களுக்கே உரியது என்று வாதாடியவரும் அவர்தான். ஆனாலும் வாங்கியவரின் வம்சத்துக்குக் கண்டம் தாண்டி நகல் இருக்கிறது. விற்றவர்களின் வம்சமோ பெரும்பாலும் குலப்பெயர்களிலும், மந்துகள் எனப்படும் தோடர் குடியிருப்புகளின் வாய்மொழியிலும் தங்கியிருக்கிறது. அடுத்து வரும்போது ஒரு மந்துக்குப் போய், பெரியவர்கள் சம்மதித்தால், அந்தக் கதையை உட்கார்ந்து கேட்க வேண்டும். சல்லிவன் 1819-ல் கட்டிய கோத்தகிரி கன்னேரிமுக்கு பங்களாவை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.